பின்பக்கம் மட்டும் இறங்கவில்லை

காரைத் தாழ்த்திவிடுவது என்று ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். வீட்டில் நான் தாழ்ந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. கார் மட்டும் எதற்கு நிமிர்ந்து நிற்க வேண்டும்?

இது ஆசைக்காகச் செய்த வேலை என்று தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வயதில் இந்த மனுஷனுக்கு இளமை திரும்புகிறது என்று எதிர்வீட்டுக்காரர் பேசிக்கொண்டாராம். இளமையாவது, திரும்புவதாவது. அது போன இடத்தில் சௌக்கியமாக இருக்கிறது. என்னிடம் வந்து அதற்கு என்ன கிடைக்கப்போகிறது? உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் மாமனார் காதுக்குப் போக வேண்டாம்.

எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். கூடத்தில் மெஷின். சோபாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைகள். சாப்பாட்டு மேசையில் யார் வீட்டுத் திரைச்சீலையோ. கட்டிலில் என் பாதியில் பட்டனுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள். ராத்திரி அவற்றை நகர்த்திவிட்டுப் படுப்பேன். காலையில் முதுகில் இரண்டு பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் இன்னும் மோசம். தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை என்னுடையது. குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் யாரும் இதுவரை என்னை நலம் விசாரித்ததில்லை.

மிச்சமிருந்தது கார். காலையில் அலுவலகத்துக்குப் போகும் நேரம் மட்டும் யாரும் என்னிடம் எதையும் கேட்கமாட்டார்கள். ரேடியோகூட வைக்கமாட்டேன். சிவப்பு விளக்கு விழுந்தால் மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள். நான் மனதுக்குள் நன்றி சொல்வேன். அலுவலகத்தின் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போது சந்தோஷமாக இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். துக்கமாக இருப்பதற்கும் ஒரு மனிதனுக்கு இடம் வேண்டுமே. எனக்கு அது அங்கேதான் கிடைத்தது.

அந்த இடமும் பறிபோனது. மாமியார் காலமானார். மாமனார் எங்களோடு வந்துவிட்டார்.

மாமனார் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மனிதர்களைப் பெயிலாக்கிச் சம்பளம் வாங்கியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, பெயிலாக்குவதிலிருந்து ஓய்வு பெறவில்லை.

"அப்பா வீட்டுலயே இருந்தா அம்மாவையே நினைச்சுக்கிட்டிருக்கார்," என்றாள் மனைவி. "உங்க ஆபீஸ் பக்கத்துலதானே லைப்ரரி இருக்கு? காலையில கூட்டிக்கிட்டுப் போய் விட்டுடுங்க. பேப்பர் படிப்பார். சாயங்காலம் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

"தினமுமா?"

"லைப்ரரி தினமும்தான் திறக்கறாங்க."

முன்சீட்டில் அவள் தைத்த சீருடை மூட்டை இருக்கும். போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். அதனால் மாமனாருக்குப் பின்சீட்டு. எங்கள் கார் சற்று உயரமான ரகம். அவருக்கு முட்டியில் வலி. கதவுக்கு மேலே உள்ளே ஒரு கைப்பிடி இருக்கிறது அல்லவா, அதை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தொங்கு தொங்கி, தன்னை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு மூச்சு வாங்குவார். பிறகு ஆரம்பிப்பார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இப்பத் திரும்பினீங்களே, கண்ணாடியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

"எந்தக் கண்ணாடிய?"

நான் யோசித்தேன். யோசித்ததே தப்பு.

"ட்ச்," என்பார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டமாட்டார். அந்த ஒரு 'ட்ச்'சில் எத்தனையோ பேருடைய எதிர்காலம் கருகியிருக்கிறது. தெருமுனையில் ஒன்று, பாலத்தடியில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் இரண்டு. அலுவலகம் போய்ச் சேருவதற்குள் நான் உரிமம் இல்லாதவனாகவே ஆகிவிடுவேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. சில நாள் அவர் ஒன்றுமே சொல்லமாட்டார். நான் கண்ணாடியில் பார்த்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். கன்னம் ஈரமாக இருக்கும். என் துக்கத்துக்கென்று நான் வைத்திருந்த இடத்தில் இன்னொருவர் துக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. என்னுடையதைவிட அது பெரியது, நியாயமானது. அதன் எதிரில் என்னுடையதை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் என் அலுவலக நண்பர் ஒருவர் தன் காரில் என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்திய கார். உள்ளே விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இறங்கும்போது முட்டி மடங்கியது. நிமிர மாட்டேன் என்றது. இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். என் முட்டிக்கே இந்தக் கதி என்றால் மாமனார் முட்டிக்கு என்ன கதி ஆகும் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

கார் தாழும். பின்சீட்டு தாழும். அவரால் ஏறி இறங்க முடியாது. "ஐயோ மாமா, முட்டியைக் கெடுத்துக்காதீங்க, வீட்டுலயே ஓய்வா இருங்க," என்று நான் உருகுவேன். பேப்பரை வீட்டுக்கே வரவழைத்துக் கொடுப்பேன். யார் மேலும் பழி இல்லை.

மனைவியிடம் சொல்லப் போனபோது அவள் வாயில் குண்டூசி வரிசை.

"காருக்கு ஸ்பிரிங் மாத்தலாம்னு இருக்கேன்," என்றேன்.

"ம்?"

"தாழ்வா இருக்கிற ஸ்பிரிங். வளைவுல வண்டி சாயாம போகும். பாதுகாப்பு."

அவள் குண்டூசிகளை எடுத்து மெஷின்மேல் இருந்த குட்டிக் குண்டூசித் தலையணையில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். பதில் சொல்ல வாயைக் காலி செய்கிறாள் என்று புரிந்தது.

"எவ்வளவு தாழும்?"

"நாலு விரக்கடை இருக்கும்."

"முன்னாடி பின்னாடி ரெண்டும் சமமாவா?"

"சமமாத்தான்."

"செய்ங்க."

நான் பத்துப் பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அவள் மறுத்தால் கவலைப்படலாம். சம்மதித்தால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் மெக்கானிக்குக்கு 'மூணாந்தடவை' என்று பெயர். இரண்டு தடவை பெயிலாகி மூன்றாம் தடவையில் உரிமம் வாங்கியவர். பெயிலாக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பகை இருக்கும், நமக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவர் மாமனாரைப் பார்த்ததும் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சார் மட்டும் அன்னிக்கு பெயில் பண்ணலைன்னா, நான் இன்னிக்கு உயிரோடவே இருக்கமாட்டேன் சார்."

மாமனார் தலையசைத்தார். நான் மட்டும் உயிரோடு இருப்பதற்கு யாருக்கும் நன்றி சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மூணாந்தடவை முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றினார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். தப்பினால் ஆளை அடித்துவிடும். அவர் கருவி வைத்திருந்தார். மளமளவென்று முடித்துவிட்டார்.

"பின்பக்கம் சுலபம் சார். சக்கரத்தைத் தாங்கற இந்த இரும்பு ஆர்ம் இருக்கு பாருங்க, இதை அவுத்துக் கீழ இறக்கினா ஸ்பிரிங் தானா வெளிய வந்துடும். நாளைக்கு வந்து பண்ணிடறேன்."

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு மறந்துபோனது.

"இவ்வளவுதானா? இதை நானே பண்ணிக்கிறேன்," என்றேன்.

"பண்ணலாம் சார். ஆனா கடைசியா நட்டை இறுக்கறப்ப ஒரு விஷயம்..."

"எல்லாம் தெரியும்பா."

அவர் என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மாமனார், "ட்ச்," என்றார். மூணாந்தடவை தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காருக்கு அடியில் கிடந்தேன். காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கிமேல் நிறுத்தினேன். சக்கரங்களைக் கழற்றினேன். ஆர்ம் கீழே தொங்கியது. பழைய ஸ்பிரிங்கை எடுத்தேன். புது ஸ்பிரிங்கை வைத்தேன். அதற்கு அடியில் மறை போட்ட ஒரு வளையம் வரும். அதைத் திருகினால் பின்பக்க உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிறகு ஆர்ம் தொங்குகிறபடியே நட்டுகளை எல்லாம் இறுக்கினேன். எப்படி இறுக்கினேன் தெரியுமா? ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்கினேன். என் வாழ்க்கையில் என் பிடி இறுகியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரத்தை மாட்டினேன். ஜாக்கியை இறக்கினேன். எட்ட நின்று பார்த்தேன்.

முன்பக்கம் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. யார் காலிலோ விழுந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது கார். இவனுடைய கார்தான் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

"பின்னாடி இறங்கலையே," என்றாள் மனைவி.

"புது ஸ்பிரிங். ஓட ஓட இறங்கும்."

"நாளைக்கு இறங்குமா?"

"படிப்படியா இறங்கும்."

மறுநாள் மாமனார் கைப்பிடியைப் பிடித்தார், தொங்கினார், ஏறினார். ஒரு மாற்றமும் இல்லை. மாற்றமெல்லாம் எனக்குத்தான். முன்பக்கம் சரிந்திருந்ததால் சீட்டில் வழுக்கி வழுக்கி ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, இறக்கத்துல போற மாதிரி இருக்கே."

"ஆமா மாமா."

"ரோடு சமமாத்தானே இருக்கு?"

"ரோடு சமமாத்தான் இருக்கு மாமா."

"அப்ப இறங்கறது யாரு?"

"நான்தான் மாமா," என்றேன். அன்றைக்கு அவர் 'ட்ச்' சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பின்பக்கத்தைத் தாழ்த்த நான் படாத பாடு பட்டேன். வளையத்தைக் கீழே திருகினேன். நூலளவு இறங்கியது. இன்னும் திருகினேன். வளையம் அடி வரைக்கும் போய்விட்டது. கார் மேலேயே நின்றது. டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றினேன். வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் போய் ஏற்றி இறக்கினேன். பின்பக்கம் இறங்கவில்லை. என் இடுப்புதான் இறங்கியது. மூணாந்தடவையிடம் போய்க் கேட்கலாம். ஆனால் 'எல்லாம் தெரியும்பா' என்று சொன்ன வாய்க்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

வண்டியைச் சரிசெய்வதற்காகச் சீக்கிரம் எழுந்தேன். வேகத்தடைகளுக்காகச் சுற்றிப் போனேன். மாமனார் பின்னால் குலுங்கிக் குலுங்கி வந்தார். கார் தனியாகக் கிடைப்பதற்காகச் செய்த காரியத்தில் காரோடு கழித்த நேரமெல்லாம் ஆள் சூழவே கழிந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து யோசனை சொன்னார். பள்ளிக்கூடப் பையன்கள் நின்று சிரித்தார்கள். எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தின் அருகில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சக்கரத்தின் நடுவில் டேப்பின் நுனியை வைத்தாள். மேலே மட்கார்டின் விளிம்பு வரைக்கும் இழுத்தாள். பார்த்தாள். முன்சக்கரத்துக்குப் போனாள். அங்கேயும் அளந்தாள். அந்தப் பக்கம் போய் இரண்டையும் அளந்தாள். மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி ரொம்பத் தூக்கல்," என்றாள்.

"அது எனக்கும் தெரியுது."

"அந்த நட்டெல்லாம் எப்ப இறுக்கினீங்க?"

"ஸ்பிரிங் மாத்தறப்ப."

"அதில்லீங்க. அப்ப வண்டி தரையில நின்னுக்கிட்டிருந்துச்சா, மேல தொங்கிக்கிட்டிருந்துச்சா?"

"ஜாக்கி வெச்சுத் தூக்கியிருந்தேன். ஆர்ம் தொங்கிக்கிட்டிருந்துச்சு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"ஏங்க, ஒருத்தருக்குப் பேண்ட் மடிக்கறேன்னு வெச்சுக்குங்க. அவரைப் போட்டுக்கச் சொல்லி, நேரா நிக்கவெச்சுத்தான் குண்டூசி குத்துவேன். ஆணியில மாட்டித் தொங்கவிட்டுக் குத்தினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"போட்டுக்கிட்டு நின்னா கணுக்காலுக்கு மேல நிக்கும். இதுவும் அதே கதைதான். அந்த மூட்டுக்கு நடுவுல ரப்பர் இருக்கா?"

"இருக்கு. புஷ்ன்னு சொல்வாங்க."

"தொங்கறப்ப இறுக்கிட்டீங்க. அந்த ரப்பர் இப்பத் தொங்கறதுதான் தன்னோட இடம்னு பிடிவாதமா இருக்கு. பாரம் வந்தாலும் முறுக்கிக்கிட்டு மேலேயே தூக்குது. தளர்த்திவிட்டு, வண்டியைக் கீழ வெச்சு, பாரத்தோட நிக்கறப்ப இறுக்குங்க."

மூணாந்தடவை சொல்ல வந்ததும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்போது இறுக்க வேண்டுமாம். என்னை எல்லோரும் அப்படித்தானே இறுக்குகிறார்கள், எனக்கே இது தோன்றியிருக்க வேண்டாமா?

பின்பக்கத்தைத் தூக்கி நட்டுகளைத் தளர்த்தினேன். பலகைகளை அடுக்கி, சக்கரங்கள் அவற்றின்மேல் நிற்கும்படி வண்டியை இறக்கினேன். வண்டி ஒரு முனகல் முனகியது. பின்பக்கம் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. வளையத்தை நான் அடி வரைக்கும் திருகி வைத்திருந்தேன் அல்லவா, இப்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்தப் பின்சீட்டில் விழுந்தால் மாமனாரைக் கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"போதும், இப்படியே இறுக்கிடறேன்," என்றேன் அவசரமாக.

"எதுக்கு? முன்னாடியும் பின்னாடியும் சமம்னுதானே சொன்னீங்க?"

"கொஞ்சம் தாழ்வா இருந்தா பரவாயில்ல."

"முன்னாடி மடிப்பு ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவா? பாக்கறவங்க என் கையைத்தான் குத்தம் சொல்வாங்க. தூக்குங்க வண்டிய."

தூக்கினேன். வளையத்தை மேலே திருகினேன். இறக்கினேன். அவள் டிக்கியின்மேல் இரண்டு கையையும் வைத்து வண்டியை அமுக்கி அமுக்கி விட்டாள். அளந்தாள்.

"இன்னும் ஒரு சுத்து."

தூக்கினேன். திருகினேன். இறக்கினேன்.

"அந்தப் பக்கம் சரி. இந்தப் பக்கம் அரைச் சுத்து."

"நூலளவு வித்தியாசம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து டார்ச் பிடித்தாள். நான் பலகைகளுக்கு நடுவே படுத்து, வண்டி பாரத்தோடு நிற்க, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அவள் நெற்றியில் கிரீஸ் பட்டிருந்தது. அது அவளுக்கு அழகாக இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு மனசு உறுத்தியது. எதற்காக இதைச் செய்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

"இங்க பாரு," என்றேன்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு."

அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை. கார் முன்னும் பின்னும் சமமாக, தரையைப் பார்த்துத் தாழ்ந்து நின்றது. மாமனார் பேப்பருக்கான மூக்குக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பின்கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்தார். அது இப்போது அவர் மார்புக்கு நேரே இருந்தது, தொங்க முடியவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார். குனிந்தார். முட்டி மடங்கவில்லை. காலை வெளியே எடுத்தார். வேறு விதமாக முயன்றார். பிறகு நிமிர்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"முடியல மாப்பிள்ளை."

சொல்ல வேண்டியதை நான் கண்ணாடி முன் நின்று பழகி வைத்திருந்தேன். குரலில் கரகரப்புகூடச் சரியாக வந்தது.

"ஐயோ மாமா, இப்படி ஆகும்னு நான் நினைக்கவேயில்ல. முட்டியைக் கெடுத்துக்காதீங்க. வீட்டுலயே—"

"அப்பா, அங்க ஏன் போறீங்க? இப்படி வாங்க," என்றாள் மனைவி.

அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைப் பிடித்து மேலே மேலே இழுத்தாள். சீட்டு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. காரில் அந்த ஒரு சீட்டைத்தான் அப்படி உயர்த்த முடியும். இஞ்ச் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து சீட்டு வரை அளந்தாள். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"ம். இப்பப் பின்பக்கமா உக்காருங்கப்பா. நாற்காலியில உக்கார்ற மாதிரி."

மாமனார் முதுகைக் காட்டி நின்றார். உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினார். எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. வீட்டிலேயே இருங்கள் என்ற என் உபதேசத்தைப் பாதியில் விட்டபடி நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"அப்பாவுக்கு முட்டி வைத்தியம் பாக்கறாங்களே, அந்தம்மா சொன்னாங்க," என்றாள் மனைவி என்னிடம். "இவர் எதுலயும் காலைத் தூக்கி ஏறக் கூடாதாம். உக்காந்துதான் உள்ள போகணுமாம். இந்தக் காரை மாத்தணும்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களா வந்து தாழ்த்தறேன்னு சொன்னீங்க."

"நான் சொன்னது..."

"எதுக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் என் காதோரம் குரலைத் தாழ்த்தி. "அப்பாகிட்ட வேற காரணம் சொல்லியிருக்கேன்."

"என்ன சொன்ன?"

"உங்க முட்டிக்காகத்தான் மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமையெல்லாம் வண்டிக்கு அடியில கிடக்கிறார்னு."

மாமனார் கையை ஜன்னல் வழியாக நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, உங்களை நான் என்னமோ நினைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல மாமா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? என்னைப் பற்றி அவர் நினைத்ததுதான் சரி என்று சொல்லவா?

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். கண்ணாடியைச் சரிசெய்தார். பக்கத்துக் கண்ணாடியையும் சரிசெய்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"அவ போனதுக்கப்புறம் இதைத் தொடல," என்றார் மெதுவாக. "எங்க போனாலும் யாராவது கூடவே இருக்கீங்க. நல்லதுக்குத்தான், தெரியுது. ஆனா அழணும்னாக்கூட முகத்தைத் திருப்பிக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் தனியா ஓட்டிக்கிட்டுப் போகட்டுமா மாப்பிள்ளை?"

உலகத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். இதற்கு மட்டும் என்னிடம் சாக்கு இல்லை. சாவியைக் கொடுத்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், வரவில்லை. மனைவி சீருடை மூட்டையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மாமனார் கண்ணாடி பார்த்தார், சைகை காட்டினார், ஒரு தப்பும் இல்லாமல் தெருவில் இறங்கினார். அந்தச் சமமான கார் வேகத்தடையைக்கூட உரசாமல் தாண்டி முனையில் திரும்பி மறைந்தது.

"இன்னிக்கு மட்டுந்தானே?" என்றேன்.

"தினமும் காலையில அவரே துணியைக் குடுத்துட்டு லைப்ரரிக்குப் போய்க்குவார். சாயங்காலம் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடுவார். நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க."

"எனக்கும் காலையில கொஞ்ச நேரம் தனியா..."

"உங்களையும் யோசிச்சேங்க," என்றாள் அன்பாக. "தனியாப் போய்ப் போய்த்தான் உங்க மூஞ்சி இப்படி ஆயிடுச்சு. பஸ்ல போங்க. இந்த நேரத்துக்கு நல்ல கூட்டம் இருக்கும்."